பேப்பர் தீர்ந்துபோச்சு

அந்த ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களைக் குளிப்பாட்டுவது என்று ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் கிண்ணீர் எல்லாம் கிடையாது. வந்தவரிடம் ஒரு பொய்யை நல்ல முகத்தோடு சொல்லிவிடுவார்கள். அவர் அதை நம்பி நாயாய் அலைவதை மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டே வேடிக்கை பார்ப்பார்கள். எல்லோரும் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொள்கிறவர்கள். கைநீட்டி அடித்துப் பழக்கமில்லை. அதனால் இப்படி.

டீச்சரும் கண்ணாடியும் ஒரே நாளில் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவள் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு, கம்ப்யூட்டரில் ஒரு படிப்பை அரைகுறையாக முடித்துக்கொண்டு இந்த வேலைக்கு வந்திருந்தாள். வந்த அன்றைக்கே டீச்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அதைச் சொல்லும்போதெல்லாம் அவர்கள் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் கூடவே வரும். அவன் சின்னப் பையன், சோடாபுட்டிக் கண்ணாடி போட்டவன், மனைவி பிள்ளைத்தாய்ச்சி. அவன் மட்டும் அவளை டீச்சர் என்று கூப்பிடவே மாட்டான்.

"அவங்க அதைக் கிண்டலாச் சொல்றாங்க. எனக்கு வேண்டாம்" என்றான். "கூடப் பிறந்த அக்கா எனக்கு இல்ல. நீங்க இருந்துட்டுப் போங்க."

பாசம் பொழிகிறான் என்று நினைத்துவிட வேண்டாம். ஆள் ஒரு கழுத்தறுப்பு. அவளுடைய பிஸ்கட்டை அவளைக் கேட்காமலே எடுத்துத் தின்பான், பேனாவை வாங்கினால் திருப்பித் தர மாட்டான், மனைவியின் வயிற்றுக்குள் குழந்தை இன்றைக்கு எந்தப் பக்கம் உதைத்தது என்பதை நாள் தவறாமல் சொல்லுவான். சில நாட்களில் அவளுக்கு அவனைப் பிடிக்கும். பல நாட்களில் காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கும்.

வேலை என்னவோ ஒன்றுதான் இருந்தது. அதை ஆய்வுக்கூடத்தின் தலைவர், எல்லோரும் பெரியவர் என்று சொல்கிறவர், முதல் நாளே இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்துச் சொல்லிவிட்டார். "வேலை ஒண்ணு, ஆள் ரெண்டு. மதிப்பீட்டுக் குழு வர்ற அன்னைக்கு யாரோட கம்ப்யூட்டர்ல அந்த புரோகிராம் ஓடுதோ, அவங்க இருக்கலாம்." சொல்லிவிட்டு, பெரிய நியாயம் வழங்கிவிட்டதுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அந்த புரோகிராம் என்னவென்றால், நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணுவை ஒரு இயந்திரம் துண்டு துண்டாகப் படித்துக் கொடுக்கும்; அந்தத் துண்டுகளை ஒட்டி முழுசாக்குவது இதன் வேலை. எழுதியவர்கள் அதை முடித்த பொருளாகத் தரவில்லை. மூலநிரலை அப்படியே தந்திருந்தார்கள். கட்டில் கேட்டவனுக்குப் பலகையும் ஆணியும் அனுப்பின மாதிரி. வாங்கியவன் தன் கம்ப்யூட்டரிலேயே அதைக் கம்பைல் செய்து, அதாவது ஓடுகிற புரோகிராமாகக் கட்டி, எடுத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது குறைந்தால் கம்ப்யூட்டர் முரண்டுபிடிக்கும், திரை முழுக்கப் பிழைகளாகக் கொட்டும்.

கொட்டியது. ஆயிரக்கணக்கான வரிகள் கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடி, கடைசியில் ஒரு வரியில் வந்து நின்றன: 'எரர் 2'.

இரண்டு பேரும் மேஸ்திரியிடம் போனார்கள். அங்கே எந்த புரோகிராமையும் கட்டி எழுப்புகிறவர் அவர்தான் என்பதால் அந்தப் பெயர். தொப்பையும் சாந்தமான முகமுமாக இருப்பார். பார்த்தால் பொய் சொல்வார் என்றே தோன்றாது. குளிப்பாட்டும் உரிமை அவருடையது.

"பயப்படாதீங்க" என்றார். "எவ்வளவு வரி ஓடினாலும் விடுங்க. பிழை எப்பவும் கடைசி வரியிலதான் இருக்கும். கடைசி வரியைப் பாருங்க, அதைப் பிடிங்க, போதும்."

விஷயம் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று புரியும். கம்பைல் செய்யும்போது உண்மையான பிழை மேலே, முதலில் வருவது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் அதன் வாரிசுகள். கடைசி வரி 'எங்கேயோ ஏதோ கெட்டுப்போச்சு' என்று கைவிரிக்கும், அவ்வளவுதான். அதோடு விட்டாரா? தப்பு வந்தாலும் நிற்காமல் போய்க்கொண்டே இரு என்று கட்டளையில் ஒரு எழுத்தைச் சேர்த்துத் தட்டச் சொன்னார். திரையில் கடைசி சில நூறு வரிகளுக்கு மேல் தங்காதபடி முன்னாலேயே அமைத்தும் வைத்திருந்தார். மேலே ஏறிப் பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினாலும், அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

டீச்சரும் கண்ணாடியும் வாரக்கணக்கில் 'எரர் 2'வைத் துரத்தினார்கள். அவன் கம்பைலரை மாற்றிப் பார்த்தான், கம்ப்யூட்டரையே துடைத்துவிட்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றிப் பார்த்தான். அவள் இணையத்தில் தேடினாள். 'எரர் 2' என்று தேடினால் உலகத்தில் இருக்கிற அத்தனை பேரின் அழுகையும் வரிசையாக வந்தது. டீ குடிக்கிற அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் உள்ளே பேச்சு சட்டென்று நிற்கும். அவள் தாண்டிய பிறகு சிரிப்பு கேட்கும். தன் புடவையைப் பார்த்துச் சிரிக்கிறார்களோ என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் வேறொரு கடைசி வரி காத்திருந்தது. வீடு என்றால் அண்ணன் வீடு. அவளும் மகளும் ஹாலில் படுத்தார்கள். அண்ணன் பேப்பர் படிக்க வருவதற்குள் படுக்கையைச் சுருட்டி சோபாவுக்குப் பின்னால் திணித்துவிட வேண்டும். அண்ணி கெட்டவள் இல்லை. குரலை உயர்த்தியதே கிடையாது.

"உனக்கென்ன, இது உன் அண்ணன் வீடு. எவ்வளவு நாள் வேணாலும் இரு" என்பாள். அதே மூச்சில், "அப்புறம், வீடு ஏதாவது பார்த்தியா?" என்பாள்.

ஒருநாள் மகள் தண்ணீர் டம்ளரைக் கீழே போட்டு உடைத்துவிட்டாள். அண்ணி குனிந்து சில்லுகளைப் பொறுக்கினாள். பிள்ளைதான் ஓடிப்போய்க் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, "அம்மா, இனிமே நான் தண்ணியே கேக்க மாட்டேன்" என்று உள்ளிருந்து சொன்னது. டீச்சர் கதவுக்கு வெளியே நின்றாள். வேலை நிரந்தரமானால் ஆய்வுக்கூடத்துக்குப் பின்னாலேயே ஊழியர் குடியிருப்பில் ஒரு அறையும் சமையலறையும் கிடைக்கும். அந்த ஒரு அறைக்காக எதையும் செய்யலாம் என்று அப்போதுதான் அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மனதுக்குள் சொல்வதை நாம் யாரும் அவ்வளவு கவனமாகக் கேட்பதில்லை.

குழு வருவதற்கு இரண்டு நாள் முன்னால், மத்தியானம், கண்ணாடி கண்ணைக் கசக்கிக்கொண்டு சொன்னான்.

"திரையைப் பார்த்துப் பார்த்து கண்ணே போச்சுக்கா. எல்லாத்தையும் நேரா பிரிண்டருக்கே அனுப்பிடறேன். கடைசிப் பக்கத்தைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு பேருமா உக்காந்து பார்ப்போம்."

அனுப்பிவிட்டு எழுந்தவனைப் போன் பிடித்துக்கொண்டது. மனைவிக்கு வலி மாதிரி இருக்கிறதாம், வலியா இல்லையா என்று தெரியவில்லையாம். அவன் ஜன்னல் பக்கம் போய்ப் பேச ஆரம்பித்தான். அவளைப் பார்த்து, நீங்க போய் எடுத்துட்டு வாங்களேன் என்று கையைக் காட்டினான்.

பிரிண்டர் நடைபாதையில், கிருமி மாதிரிகள் வைக்கிற பெரிய ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் இருந்தது. டீச்சர் போனபோது அது ஒரே ஒரு தாளைத் துப்பிவிட்டு, காகிதம் இல்லை என்று சிவப்பு விளக்கை எரியவிட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. உள்ளே இருந்ததே ஒரு தாள்தான் போல. அவர்களுக்குக் கடைசிப் பக்கம் வேண்டும். வந்திருந்ததோ முதல் பக்கம்.

சும்மா எடுத்துப் பார்த்தாள். பக்கத்தின் நடுவில் ஒரு வரி, சுருக்கிவைத்த கோப்புகளை விரித்துப் படிக்கிற, நூலகம் என்று சொல்கிற ஒரு சின்னத் துணை நிரலின் பெயரைச் சொல்லி, அதன் ஹெடர் ஃபைல் என்கிற கோப்பு இந்தக் கம்ப்யூட்டரில் இல்லை என்றது. அதை நம்பி முதலில் கட்ட வேண்டிய பகுதி அதற்கு அடுத்த வரியில் விழுந்திருந்தது: 'எரர் 1'. அதற்குக் கீழே அந்தப் பகுதி இல்லையே, இல்லையே என்று மற்றவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் புலம்ப ஆரம்பித்திருந்தன.

டீச்சர் ஃப்ரிட்ஜில் சாய்ந்துகொண்டாள். எத்தனை வகுப்புகளில், எத்தனை பிள்ளைகளிடம், கேள்வித்தாளை மேலிருந்து படிங்கடா என்று கத்தியிருப்பாள்! மேஸ்திரியின் சாந்தமான முகம் நினைவுக்கு வந்தது. டீ அறையில் நின்றுபோன பேச்சு, பிறகு கேட்ட சிரிப்பு. புடவையைப் பார்த்து இல்லை. அவமானத்தில் காது மடல் சுட்டது. அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

ஓடிப்போய் அவனிடம் சொல்ல வேண்டும் என்றுதான் முதலில் திரும்பினாள். இதை நான் அவளுக்காகச் சொல்கிறேன், உண்மையும் அதுதான். நாலு அடி வைத்தாள். கழிவறைக் கதவுக்குள்ளிருந்து வந்த குரல் ஞாபகம் வந்தது. வேலை ஒன்று, ஆள் இரண்டு. தாளை நாலாக மடித்தாள். பைக்குள், சாப்பாட்டு டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

கண்ணாடி போனை வைத்துவிட்டு நிமிர்ந்தான். "வலி இல்லையாம்க்கா, வாயுவாம். பிரிண்ட் வந்துச்சா?"

"பேப்பர் தீர்ந்துபோச்சு" என்றாள். "ஒண்ணும் வரல."

"பேப்பர் போட்டுட்டு மறுபடி அனுப்பட்டுமா?"

"வேண்டாம்ப்பா. கட்டுக் கட்டா வீணாக்குறோம்னு மேஸ்திரி சத்தம் போடறாரு."

"அதுவும் சரிதான்" என்றான். மறுபடி கடைசி வரியைப் பார்க்க உட்கார்ந்தான். போகிற போக்கில் அவளுடைய பிஸ்கட்டில் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் அவன் மனைவியைப் பார்க்கச் சீக்கிரம் கிளம்பிப் போனதும், அவள் தன் கம்ப்யூட்டரில் அந்தச் சின்ன நூலகத்தை ஏற்றினாள். ஒரே ஒரு கட்டளை. பிறகு கம்பைல் செய்தாள். வரிகள் ஓடின, நின்றன, எரர் எதுவும் இல்லை. புரோகிராம் ஓடியது. அவளுக்கு அழவேண்டும் போலவும் சிரிக்கவேண்டும் போலவும் இருந்தது, இரண்டையும் செய்யவில்லை. பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினாள். மேஸ்திரி, கையில் டீ டம்ளரோடு.

"கண்டுபிடிச்சிட்டீங்களா டீச்சரம்மா?" என்றார், திரையைப் பார்த்து. முகத்தில் கோபம் இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "அவன்கிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

மேஸ்திரி அவளை முதல் தடவையாக ஒரு மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "என்னையும் குளிப்பாட்டினாங்க" என்றார். "மாசக்கணக்கா ஈரத்தோட நின்னேன். யாரும் ஒரு வார்த்தை சொல்லல. சரி விடுங்க. இனிமே நீங்க நம்ம ஆளு. வாங்க, டீ இருக்கு."

அவள் போனாள். அந்த அறைக்குள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பேச்சு நிற்காமல் தொடர்ந்தது.

குழு வந்த அன்று பெரியவர் இருவரையும் எல்லோருக்கும் முன்னால் நிற்கவைத்தார். டீச்சரின் கம்ப்யூட்டரில் புரோகிராம் ஓடியது. குழுவில் வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். அடுத்து கண்ணாடியின் முறை.

"இன்னும் ஏறல சார்" என்றான். "ஆனா ஒண்ணு யோசிச்சேன். கடைசியில எரர் ரெண்டுன்னு வருது. ரெண்டுன்னு ஒண்ணு இருந்தா, ஒண்ணுன்னும் ஒண்ணு எங்கயோ முன்னாடி இருக்கணும்ல? அதைத்தான் தேடிட்டிருக்கேன். இன்னும் ஒரே ஒரு நாள் குடுத்தீங்கன்னா..."

அறை குலுங்கிச் சிரித்தது. பாவி, வாசல்வரை வந்துவிட்டான், கதவைத் தட்டுவதற்குள் சிரித்துத் துரத்திவிட்டார்கள். மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் மேசையில் இருந்த ஒரு கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"தம்பி" என்றார் பெரியவர், "உனக்கு ஒண்ணு ரெண்டு எண்ணத் தெரியுது. சந்தோஷம். ஆனா இங்க அது போதாது. திங்கட்கிழமையிலேர்ந்து வர வேண்டாம்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. குழுவில் வந்திருந்த ஒரு பெரிய மனிதர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவ்வளவுதான், முடிந்துவிட்டது.

பொருள்களைப் பைக்குள் போட்டுக்கொண்டே கண்ணாடி கேட்டான். "உங்களுக்கு எப்படிக்கா ஏறிச்சு?"

"எனக்கே தெரியலப்பா. திரும்பத் திரும்ப ஓட்டினேன். அதிர்ஷ்டம்."

"பரவால்ல. உங்களுக்கு வீடு கிடைச்சிடும்ல? பாப்பா இனிமே நிம்மதியாத் தூங்கும்" என்றான். அதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. என்றைக்கோ ஒரு பலவீனத்தில் அவளே சொல்லியிருக்கிறாள். "குழந்தை பொறந்ததும் போன் பண்றேன். மாமா அத்தைன்னு எங்க பக்கம் யாரும் இல்ல. நீங்கதான் வந்து பார்க்கணும்." பேனாவை எடுத்து அவள் மேசையில் வைத்தான். கடன் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

குடியிருப்பில் அறை கிடைத்தது. மகளுக்கு ஜன்னலோரம் கட்டில். படுக்கையைச் சுருட்ட வேண்டியதில்லை. பிள்ளை ராத்திரியில் எழுந்து தானாகவே தண்ணீர் எடுத்துக் குடித்தது. அண்ணி ஒரு குக்கர் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தாள், உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். டீச்சர் நன்றாகத் தூங்கினாள். மனசாட்சி உறுத்தித் தூக்கம் போயிற்று என்று எழுதலாம், அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அது இல்லை. அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள்.

கண்ணாடி போனில் கூப்பிட்டபோது அவள் டீ அறையில் இருந்தாள். மேசைமேல் போன் ஒலித்தது. திரையில் பெயரைப் பார்த்த மேஸ்திரி, ஸ்பீக்கரில் போடுங்க என்று ஜாடை காட்டினார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார்கள். அவள் போட்டாள். அவளுடைய விரல்தான்.

"அக்கா, நான்தான். நல்லா இருக்கீங்களா? பாப்பா எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கோம்ப்பா."

"இங்க ஒரு ஆஸ்பத்திரி லேப்ல தற்காலிகமா சேர்ந்திருக்கேன். அதே புரோகிராம்தான். ஏத்திக் காட்டினா நிரந்தரம் பண்ணுவாங்களாம். உங்களை விட்டா கேக்க எனக்கு ஆள் இல்ல. எங்க பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்கக்கா."

சுற்றியிருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். டீச்சரிடம் ஒரு நல்ல பொய் கைவசம் இருந்தது. எனக்கே இப்பதான் தெரிஞ்சுது, மேலேயிருந்து பாரு, முதல் எரரைப் பாரு. அவ்வளவு சொன்னால் போதும். அவன் பிழைப்பான், அவளுக்கும் ஒரு கேடும் வராது. மேஸ்திரி முகம் சுளிப்பார், சுளித்துவிட்டுப் போகட்டும். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவள் வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவன் சொன்னான். "அன்னைக்கு பிரிண்ட் எடுத்தோமே, ஞாபகம் இருக்கா? பேப்பர் தீர்ந்துபோச்சுன்னு சொன்னீங்களே. என் ஸ்கிரீன்ல ஒரு பக்கம் அச்சாச்சுன்னு காட்டிச்சுக்கா. அப்ப நான் அதைக் கவனிக்கல. அந்த ஒரு பக்கம் யார் கையில போச்சோ."

இப்போது 'மேலே பார்' என்று சொன்னால், அவன் மேலே பார்ப்பான். அங்கே இருப்பது அந்த ஒரு பக்கம்தான். பிரிண்டரிடம் போனது யார், வந்து ஒன்றும் வரவில்லை என்றது யார், இரண்டே நாளில் யாருக்கு அதிர்ஷ்டம் அடித்தது எல்லாம் வரிசையாகப் புரிந்துவிடும். நல்ல பொய்க்கு இருந்த கதவு சாத்திக்கொண்டது. எதிரே மேஸ்திரி சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சையில் விடை சொல்லிக்கொடுப்பதுபோல.

"கடைசி வரியைப் பாருப்பா" என்றாள். "பிழை எப்பவும் கடைசி வரியிலதான் இருக்கும்."

அந்தப் பக்கம் குழந்தை ஒன்று சிணுங்குவதும், ஒரு பெண் அதைச் சமாதானப்படுத்துவதும் கேட்டது.

"சரிங்க டீச்சர்" என்றான் கண்ணாடி. "பார்க்கிறேன். இங்க பிரிண்டர்ல பேப்பர் தீர்றதே இல்ல."

போன் வைக்கப்பட்டது.

அறை வெடித்துச் சிரித்தது. "நம்பிட்டான்!" என்று மேஸ்திரி மேசையைத் தட்டினார். "நீங்க பெரிய ஆளு டீச்சரம்மா, குரல்கூட நடுங்கல பாருங்க!" அந்த ஒரு சொல் அவர்கள் காதில் விழவே இல்லை. அவர்கள் எல்லோரும் அவளை அப்படித்தானே கூப்பிடுகிறார்கள். டீச்சரும் சிரித்தாள். சிரிக்காதவர்களை அங்கே கவனிப்பார்கள்.

"பின்னாடி அழுதது அவன் குழந்தையா?" என்று கேட்டார் ஒருவர், கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டே. "என்ன குழந்தையாம்?"

"கேக்கல" என்றாள் டீச்சர்.